ஆத்தா ரூமுக்கு ஆப்ரிகாட் கலர்

மார்கழி பாதி போச்சுன்னா எங்க வீட்ல சுண்ணாம்புப் பேச்சு வந்துரும். பொங்கலுக்கு முன்னாடி வெள்ளை அடிக்கணும். அப்பா இருந்த வரைக்கும் அவரே மட்டையப் புடிச்சுக்குவாரு. அவர் போனதுக்கப்புறம் இது ரெண்டாவது பொங்கல்.

அவர் கடைசியா படுத்திருந்த வடக்குப் பக்க ரூம்ல அம்மா இப்பப் படுக்கறதில்லை. திண்ணையில இல்லைன்னா சமையக்கட்டு ஓரமா பாயை விரிச்சுக்குவாங்க. கேட்டா, "உள்ள காத்தே வர்றதில்ல சாமி"ம்பாங்க. மார்கழிப் பனியில காத்து எதுக்குன்னு நான் திருப்பிக் கேட்டதில்லை.

லீவுக்கு வந்த மக, பெயிண்ட் கடை அட்டை ஒண்ணைக் காட்டி, "ஆத்தா ரூமுக்கு இந்த ஆப்ரிகாட் அடிக்கலாம்ப்பா"ன்னா. ஆப்ரிகாட் லடாக், காஷ்மீர் பக்கம் விளையற பழம். எங்க வீட்ல யாரும் மரத்துல பார்த்ததில்லை. அட்டையில இருந்தது ஆரஞ்சுல பால் கலந்த மாதிரி ஒரு நிறம். வெயிலே விழாத ரூமுக்கு அது பொருந்தும்னு எனக்கும் பட்டுச்சு. மேக்கால வெயில் அடிக்கிற ரூமா இருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.

அம்மா அட்டையத் திரும்பிக்கூடப் பாக்கலை. "வெள்ளைச் சீலை கட்டுனவளுக்கு எதுக்குக் கண்ணு கலரு?"

யாரும் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அடிச்சுப் பாக்கலாம்மா. புடிக்கலைன்னா மேல வெள்ளையடிச்சுரலாம்"னு மட்டும் சொன்னேன்.

டப்பா பெயிண்ட் வாங்கலை. எங்களுது பழைய மண் சுவர். முன் ரூம்ல எமல்ஷன் அடிச்சு, அடுத்த ஐப்பசி மழைக்கே அப்பளம் மாதிரி பொரிஞ்சு உதிர்ந்துச்சு. பெயிண்ட்டக் குத்தம் சொல்லக்கூடாது. சுவத்துல ஏறுன ஈரம் வெளிய போக அது வழி விடாது. சுண்ணாம்பு விடும்.

அதனால ஊற வெச்ச சுண்ணாம்பத் துணியில வடிகட்டி, காவிப்பொடி கலந்தோம். மக, "மஞ்சத்தூள் போட்டா என்னப்பா?"ன்னு கேட்டா. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துருச்சு. "ஆரத்தி கரைக்கப் போறியா அம்மிணி?"

சுண்ணாம்பு பட்டா மஞ்சள் செவந்துரும். காவி மண்ணுங்கறதால நிறம் மாறாது. ஒரு வாளிக்கு மஞ்சக் காவி ரெண்டு கை, செங்காவி அரைக் கைன்னு ஆரம்பிச்சோம். அம்மா கிட்ட வந்து உக்காந்துக்கிட்டாங்க. "செகப்பு இன்னும் ஒரு சிட்டிகை போடு." ஈரத்துல கருப்பாத் தெரியற நிறம் காய்ஞ்சா வெளுத்துரும். அதனால சுவத்து மூலையில ஒரு இழுப்பு இழுத்து, காலையில பார்த்துத்தான் முடிவு பண்ணோம். அடிக்கறதுக்கு முன்னாடி சுவத்தத் தண்ணி தெளிச்சு நனைச்சுக்கிட்டோம். மேலயும் சேர்த்து அடிச்சா ரூம் அடைச்ச மாதிரி ஆயிரும்னு மேல்பக்கம் மட்டும் வெள்ளையாவே விட்டாச்சு.

ரெண்டு கை அடிச்சுக் காய்ஞ்சதும், சாயங்காலம் லைட்டைப் போட்டுட்டு அம்மாவக் கூப்பிட்டோம். ரொம்ப நேரம் வாசப்படியிலயே நின்னாங்க.

"ஆப்ரிகாட்டாமா! இது நம்ம கெணத்து மேட்டுச் செவ்விளநீ கலரு."

அந்த மரம் அப்பா வெச்சது.

ராத்திரி பாயை எங்க விரிச்சாங்கன்னு நான் பாக்கலை. காலையில அது அந்த ரூம் மூலையில சுருட்டி வெச்சிருந்துச்சு.