கல்லாற்றில் முறிந்த ஆக்சில்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்வோர் யாவரும் கல்லாற்றைக் கடந்தே செல்கின்றனர்; அங்கே தங்குவோர் சிலரே. நாங்களும் தங்க எண்ணிச் செல்லவில்லை. எங்கள் ஜீப்பின் பின்பக்க ஆக்சில் முறிந்தமையால் இரண்டு இரவுகள் தங்க நேர்ந்தது.

நெடுமங்காடு, சுள்ளிமானூர், தொளிக்கோடு, விதுரா என்று ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழிய, ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் கல்லாறு வருகிறது. விதுராவிலிருந்து பிரியும் வேறொரு சாலை போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திற்கு ஏறுகிறது. அத்தோட்டத்தில் உழைக்க வந்தவர்களுள் பலர் நம் தமிழ்க் குடும்பத்தினரே. கல்லாறு என்னும் பெயருக்குத் தமிழரிடம் பொருள் கூற வேண்டியதில்லை. யானைக் குட்டிகள் படுத்திருப்பன போல ஆறு நிறைய உருண்டைக் கற்கள். அவற்றினிடையே கண்ணாடி போன்ற நீர். வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதி இது. மலைமேல் மழை பெய்தால் கீழே வெயில் காயும்போதே வெள்ளம் வந்துவிடும். குளிக்க இறங்கி உயிரிழந்தோர் பலர் உளர் என்பதால், குழந்தைகளைக் கரையிலேயே நிறுத்திக்கொண்டோம். 2018ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்ற நாட்டு வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மை இவ்வூர்க் காட்டைச் சேர்ந்தவர். இத்தகைய மலைப்பகுதிகளில் ஜீப்பு விளையாட்டுப் பொருளன்று. நோயாளியும் நெல்லும் அதில்தான் ஏற வேண்டும்.

இங்கிருந்து பொன்முடிக்கு 22 கொண்டையூசி வளைவுகள். அன்று காலை அவ்வளவையும் ஏறி, பிற்பகலில் இறங்கி வந்தோம். மாலையில் நண்பர் ஒருவருடைய ரப்பர்த் தோட்டத்திற்குப் புறப்பட்டோம். தோட்டத்துப் பாதையில் ஒரு நீரோடை குறுக்கிட்டது. பின்சக்கரம் ஒன்று வழுக்குக் கல்லின்மேல் வீணே சுழன்றது. வண்டியை ஓட்டியவர் பொறுமையிழந்து மேலும் அழுத்தினார். சுழன்ற சக்கரம் திடீரெனக் கல்லிடுக்கைப் பற்றியது. துப்பாக்கி வெடித்தாற்போல் ஓர் ஓசை. இறங்கிப் பார்த்தபோது சக்கரம் ஒரு சாண் வெளியே வந்து சாய்ந்து நின்றது. நடைவேகத்தில் சென்றமையால் எவருக்கும் காயமில்லை.

மறுநாள் விதுராவிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், மலையாளிகள் அவரை ஆசான் என்று அழைத்தனர். முறிந்த தண்டைக் கழற்றித் துடைத்து, முறிந்த முகத்தை எங்களிடம் காட்டினார். பாதிப் பரப்பு கறுத்து வழவழப்பாக, சிப்பியின் மேலுள்ள வரிகளைப் போன்ற கோடுகளுடன் இருந்தது. மறுபாதி சர்க்கரையை உடைத்தாற்போல் மினுமினுத்தது.

“அண்ணாச்சி, மினுங்குறது நேத்து ஒடிஞ்சது. கறுத்தது ஒடிஞ்சு மாசக்கணக்காச்சு. பாதித் தண்டுலதான் நீங்க இத்தனை நாளும் ஓட்டியிருக்கீங்க.”

முந்தைய நாள் இறங்கிய 22 வளைவுகளும் எங்கள் நினைவுக்கு வந்தன. சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

குற்றம் எங்களுடையதே. தோற்றத்திற்காக அளவு மீறிய பெரிய டயர்களை மாட்டியிருந்தோம். சக்கரம் பெரிதானால் அதைத் திருப்பத் தண்டு தாங்க வேண்டிய முறுக்கும் பெரிதாகும். பழைய மூன்று கியர் ஜீப்பு ஒன்றைக் கணக்கிட்டுப் பாருங்கள். முதற் கியரில் 2.8, இறக்கக் கியரில் 2.46, பின்புறக் கிரவுன் பினியனில் 5.38. இவற்றைப் பெருக்கினால் இஞ்சினின் முறுக்கு ஏறத்தாழ 37 மடங்காகிச் சக்கரங்களை அடைகிறது. அதன்மேல், சுழலும் சக்கரம் திடீரெனப் பிடிபடும்போது விழும் அடி தனி. எங்கள் தண்டின் சாவிக் குழியோரத்தில் தோன்றிய மயிரிழை விரிசல் நாளுக்கு நாள் உள்ளே சென்றிருக்கிறது.

நம் வீட்டு இளைஞர் பலர் பழைய ஜீப்பு வாங்கிப் புதுப்பிக்க ஆசைப்படுவதால், வலிய ஆக்சிலைத் தேர்ந்தெடுப்பது பற்றி அன்று நாங்கள் கற்றதை எழுதுகிறோம். ஆசான் எடுத்துக்கொண்ட உவமை மாட்டு வண்டி. மாட்டு வண்டியின் இருசு சுழல்வதில்லை; பாரத்தைத் தாங்குவது ஒன்றே அதன் வேலை. சக்கரம் அதைச் சுற்றி ஓடுகிறது. எங்கள் ஜீப்பிலோ, ஒரே தண்டு வண்டியின் பாரத்தையும் தாங்கி, சக்கரத்தையும் சுழற்ற வேண்டும். பட்டறையில் இதனைச் செமி ஃப்ளோட்டிங் என்பர். தண்டு முறிந்தால் சக்கரமும் போயிற்று.

ஃபுல் ஃப்ளோட்டிங் என்னும் வகையில், வெளிக்குழலாகிய ஹவுசிங்கே மாட்டு வண்டியின் இருசாகிறது. சக்கரத்தின் ஹப் இரண்டு பேரிங்குகளின் வழியாக அதன்மேல் அமர்கிறது. உள்ளே இருக்கும் தண்டுக்குச் சுழற்றுவது தவிர வேறு வேலை இல்லை. அது முறிந்தாலும் சக்கரம் இடத்திலேயே நிற்கும். தண்டை உருவி எடுத்துவிட்டு முன்சக்கரங்களின் இழுப்பிலேயே ஊர் சேரலாம். சாலையில் போகும் லாரிகளின் பின்சக்கர நடுவைப் பாருங்கள். வட்டமாக போல்ட்டுகள் இறுக்கிய குமிழ் வெளியே துருத்தி நிற்கும், அதுவே அடையாளம். 1941இல் போருக்கென வந்த வில்லிஸ் ஜீப்பின் பின் ஆக்சில் இவ்வகையே. போருக்குப் பின் பொதுமக்களுக்கென வந்த ஜீப்புகளில் செமி ஃப்ளோட்டிங் பரவியது.

தடிமனைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. உருண்டைத் தண்டின் முறுக்கு வலிமை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 30 மில்லிமீட்டர்த் தண்டை 33 ஆக்கினால், தடிமன் பத்தில் ஒரு பங்கே கூடுகிறது. வலிமையோ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆனால் இரும்பின் தரம் அதனினும் முக்கியம். உள்வரை கடினமான தண்டு கண்ணாடிபோல் சொல்லாமல் முறியும். மேல்தோல் கடினமாகவும் உட்புறம் சற்று இளகியும் பதப்படுத்திய நல்ல கலப்பு எஃகே வேண்டும். அது முறியுமுன் முறுக்கிக்கொண்டு எச்சரிக்கும். சாவி வைத்து ஹப்பைப் பூட்டும் தண்டைவிட, முகத்தட்டும் தண்டும் ஒரே துண்டாக அடித்து உருவாக்கிய தண்டு மேலானது. விரிசல் தொடங்கச் சாவிக் குழி என்ற ஒன்றே அதில் இல்லை.

உடனே எங்களுள் இளையவர், கிடைப்பதிலேயே தடித்ததை வாங்கிவிடலாம் என்றார். ஆசான் சிரித்தார். தண்டு முறியாவிட்டால் அடி அடுத்த இடத்திற்குப் போகும். கிரவுன் பினியனின் பல் உடையும். தண்டை ஓடைக்கரையில் மாற்றலாம்; கிரவுன் பினியனை அங்கே வைத்துப் பொருத்த இயலாது. எது முதலில் முறிய வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வாங்குங்கள் என்பது அவர் கருத்து. கேட்டவுடன் விபரீதமாகத் தோன்றியது. இரவெல்லாம் யோசித்தபின் சரியெனப் பட்டது.

சட்டத்தையும் மறக்கலாகாது. பதிவுச் சான்றில் உள்ள, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று, கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதற்கு அடிப்படை. ஆகவே கனரக வண்டியின் ஆக்சிலை முழுமையாகக் கொண்டுவந்து பொருத்த எண்ணுவோர், பணம் கொடுக்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நலம். நாங்களும் ஃபுல் ஃப்ளோட்டிங் பொருத்தலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறோம். அதுவரை, பழைய அளவிலேயே ஒரே துண்டுத் தண்டுகள் இரண்டு, இருபுறமும். பெரிய டயர்கள் கழற்றப்பட்டுவிட்டன. இளையவருக்கு அதில் வருத்தமே.

ஓடை நீர் ஹவுசிங்கினுள் புகுந்து எண்ணெய் பாலாகியிருந்தது. ஓடிச் சூடேறிய ஹவுசிங் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத்துளை அடைபட்டிருந்தால் சீல்களின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளுமாம். ஆசான் எண்ணெயை மாற்றி, மூச்சுத்துளைக்கு ஒரு ரப்பர்க் குழாய் மாட்டி மேலே கட்டிவிட்டார். பிறகு புதுத் தண்டுகளின் நெடுகே வெள்ளைப் பெயிண்டால் நேர்க்கோடு ஒன்று இழுத்தார். ஆறு மாதம் கழித்து உருவிப் பார்க்க வேண்டும். கோடு கொடிபோல் வளைந்திருந்தால் தண்டு களைத்துவிட்டது என்று பொருள்.

மூன்றாம் நாள் காலையில் கட்டஞ்சாயா குடித்துவிட்டுப் புறப்பட்டோம். பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தச் சொல்லி, குழந்தைகள் ஆற்றுக் கற்களை எண்ணத் தொடங்கினர். இருபதுக்கு மேல் அவர்களுக்குள் சண்டை வந்துவிட்டது. கோட்டைப் பார்க்க ஆசானிடம் வரும்போது மீதியை எண்ணலாம் என்று சொல்லி அழைத்து வந்தோம்.