மாத்தணுமா, பாக்கணுமா?

புதுப்பேட்டைக்குக் காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும். அதற்குப் பிறகு கதவும் பம்பரும் சைலன்சரும் கடைகளை விட்டு இறங்கி ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். கூவம் பக்கம் திரும்பும் சந்தில் ஒரு புல்லட் பட்டறை. பின்சக்கர ட்ரம் பிரேக்கை டிஸ்க்காக மாற்றும் வேலையைப் பார்க்கப் போயிருந்தேன். மேஸ்திரி கேட்ட முதல் கேள்வி, "மாத்தணுமா, பாக்கணுமா?" பார்க்கத்தான் என்றேன். "அப்ப உக்காருங்க. மாத்தணும்னிருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்று டிஸ்க் கேட்டு வந்த மூன்று பேரில் இரண்டு பேரை அனுப்பிவிட்டார். ஒருவர் வண்டியில் ஷூ லைனிங் தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளத்தது. இன்னொருவருக்கு ட்ரம்மின் உள்பக்கம் வரி வரியாகக் கீறியிருந்தது. லேத்தில் ஒரு வெட்டு ஓட்டினால் போதும். "சடன் பிரேக் அடிச்சா வண்டி கனமெல்லாம் முன்னாடி போயிடும் சார். பின் டயருக்கு ரோட்டுல பிடியே இருக்காது. அங்க தங்கத்துல டிஸ்க் போட்டும் என்ன பிரயோஜனம்?" முன் பிரேக் பேடைப் பாருங்கள் என்பதுதான் இருவருக்கும் அவர் சொன்ன வைத்தியம்.

மூன்றாமவருக்குச் சொந்த ஊர் கொல்லிமலை. 2012 கிளாசிக் 350. மனைவி, பிள்ளை, மூட்டையோடு எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்குகிற வண்டி. பாதி மலையில் பெடல் கீழே போய்விடுகிறது என்றார். மூடிய ட்ரம்முக்குள் சூடு தங்கும். ட்ரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். டிஸ்க் திறந்த காற்றில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறிவிடும். மேஸ்திரி கொஞ்சம் யோசித்து, "உங்களுக்குப் பண்ணலாம்" என்றார்.

இந்த வண்டியில் செயின் பல்சக்கரமும் ட்ரம்மும் ஒரே வார்ப்பு. பல் தேய்ந்தால் நல்ல ட்ரம்மும் சேர்ந்து காயலாங்கடைக்குப் போகும். கழற்றியதும் உள்ளே இருந்த தூசியை ஊதப் பையன் கம்ப்ரஸர் குழாயைத் தூக்க, மேஸ்திரி ஒரு அதட்டல் போட்டார். பழைய லைனிங்கில் கல்நார் இருந்த காலத்து ஆள் அவர். ஈரத்துணியால் துடைக்க வைத்தார்.

டிஸ்க் மாடலின் ஹப்பும் ஸ்விங் ஆர்மும் தயாராக இருந்தன. பழைய ஸ்விங் ஆர்மிலேயே ஒரு பிடியை வெல்டிங் வைத்துக் கேலிப்பரை மாட்டிவிடுகிறவர்களும் உண்டு. காசு மிச்சம். ஆனால் பிரேக் பிடிக்கும் கணத்தில் டிஸ்க் கேலிப்பரையும் தன்னோடு இழுக்கப் பார்க்கும். அத்தனை விசையையும் தாங்குவது அந்த ஒரு ஒட்டுதான். "நான் வைக்கிற ஒட்டை நம்பி ஒரு குடும்பம் மலை இறங்கணுமா?" என்றார். மாஸ்டர் சிலிண்டரும் அதே மாடல்தான். கைக்குக் கிடைத்த பெரிய துளை சிலிண்டரை மாட்டினால் பெடல் கல் மாதிரி இருக்கும், பிடிப்பும் குறையும்.

240 மில்லிமீட்டர் டிஸ்க் ஏறியதும் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனார். ஸ்ஸ்… ஸ்ஸ்… சுற்றுக்கு ஒரு தடவை கேட்டால் டிஸ்க்கில் கோட்டம். விடாமல் கேட்டால் கேலிப்பர் நடுவில் உட்காரவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. அவர் ஆக்சிலை உருவி, லேத்தில் கடைந்து வைத்திருந்த மெல்லிய வாசர் ஒன்றைச் சொருகி மறுபடி சுற்றினார். இப்படி நாலு தடவை. பட்டறையில் அன்று அதிக நேரம் தின்றது இந்த வேலைதான். வண்டிக்காரர் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருந்தார்.

அப்புறம் ஏர் எடுப்பது. பையன் பெடலை மிதித்துப் பிடிக்க, மேஸ்திரி நிப்பிளைக் கால் திருப்பு திறந்து மூடினார். பாட்டிலில் குமிழி வந்துகொண்டே இருந்தது. பெடல் பஞ்சு மாதிரி. கேலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே மரக்கட்டை ஒன்றைச் செருகி, நிப்பிள் உச்சியில் வரும்படி சாய்த்துப் பிடித்தார். காற்று மேல்நோக்கித்தானே போகும். ஐந்தாறு மிதியில் குமிழி நின்றது. பெயின்டில் சொட்டிய ஆயிலைப் பையன் சொல்லாமலே தண்ணீர் விட்டுக் கழுவினான். விட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

முதலில் மெதுவாக ஓட்டி, விட்டு விட்டுப் பிடிக்கச் சொன்னார். "ட்ரம்முல உதைச்ச மாதிரி இதுல உதைக்காதீங்க. ஏபிஎஸ் கிடையாது, சக்கரம் பூட்டிக்கும்." சட்டம் பற்றி நான்தான் கேட்டேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றுவதை அனுமதிப்பதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. அதே கம்பெனியின் பாகம்தானே என்று வண்டிக்காரர் வாதாடினார். எனக்குச் சமாதானம் ஆகவில்லை.

மேஸ்திரி வாதத்துக்கு வரவில்லை. பழைய ட்ரம், பிளேட், ஷூ எல்லாவற்றையும் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி வண்டிக்காரரின் கையில் கொடுத்தார். "வித்துடாதீங்க. 2027-ல ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது தேடுவீங்க."