விடியுமுன் கைமாறும் பட்டு

மேற்கு தில்லி ரகுபீர் நகரில் பொழுது விடியுமுன்பே பேரம் சூடு பிடித்துவிடுகிறது. குஜராத்திலிருந்து வந்து குடியேறிய வாக்ரி சமூகப் பெண்கள், வீடு வீடாக ஏறி இறங்கி, எவர்சில்வர் பாத்திரம் கொடுத்து வாங்கிய பழந்துணிகள் ‘கோடா மண்டி’ என்ற இந்தச் சந்தையில்தான் கைமாறுகின்றன.

பெரும்பாலானவை நடைபாதைக் கடைகளுக்குப் போகும். அபூர்வமாகச் சிக்கும் பழைய பனாரஸ் பட்டுக்குத்தான் போட்டி. அசல் ஜரிகை என்பது பட்டு நூலைச் சுற்றிய வெள்ளிக் கம்பி. மேலே தங்க முலாம். வெள்ளிக்காகப் புடவையையே எரிப்பவர்கள் எடை பார்த்து விலை சொல்கிறார்கள்.

அவர்களிடமிருந்து தப்பும் புடவை வியாபாரிகள் வழியே சிறிய பொட்டிக்குகளைச் சேர்ந்து, துப்பட்டாவாகவோ குர்தாவாகவோ மறுபிறவி எடுக்கிறது. ஹவுஸ் காஸ் கிராமத்தில் 1980களின் பிற்பகுதியில் பொட்டிக்குகள் முளைக்கத் தொடங்கியதிலிருந்து இத்தகைய துணிகளுக்குத் தனி மவுசு.

வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது மடிப்புகளை. வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தால் தெரியும்: பழம்பட்டு முதலில் விடுவது அங்கேதான். விலைச்சீட்டில் தெரியாதது ஒன்றுண்டு. புடவையைக் கொடுத்த வீட்டுக்குக் கிடைத்தது ஒரு பாத்திரம். சுமந்து வந்தவளுக்கு அன்றைய பிழைப்பு.