அம்ருதத்துக்கு மார்க்கு

பெங்களூரில் காய்ச்சிய அம்ருத் சிங்கிள் மால்ட் விஸ்கி 2004-ல் முதன்முதலாக விலைக்குப் போன ஊர் கிளாஸ்கோ. சொந்த ஊர்க் கடைக்கு அது வந்தது 2010-ல்தான்! ஜிம் மர்ரே என்ற ஆங்கிலேயர் தமது 2010-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் அம்ருத் ஃப்யூஷனுக்கு 97 மார்க்குப் போட்டு, உலகில் மூன்றாவது என்றார். அப்புறந்தான் நமக்கும் நாக்கில் நம்பிக்கை பிறந்தது.

திருவண்ணாமலையில் என் மொட்டைமாடிக்கு அதில் ஒரு புட்டி வந்தது. நம் நாட்டு பார்லியும், புகையூட்டிய ஸ்காட்லாந்து பார்லியும் சேர்ந்த சரக்கு. முகர்ந்தால் ஈர விறகுப் புகை. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் வெல்லப்பாகு முன்னே வந்தது. ஸ்காட்லாந்துப் பீப்பாயில் ஆண்டுக்கு நூற்றுக்கு 2 பங்கு ஆவியாகும். பெங்களூர் வெக்கையில் 10-க்கு மேல் போய்விடுமாம். அதனால் இங்கே நாலைந்து வருஷத்திலேயே முதிர்ந்துவிடுகிறது. வயசைச் சொல்லி விற்கிற வியாபாரத்தில் இது சாமானியத் துணிச்சலல்ல.

“நீர் எத்தனை போடுவீர்?” என்றார் கொண்டுவந்த நண்பர். சாராயத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கி, 52 வயதில் போனார் என் தகப்பனார். அவரிடம் எவனும் மார்க்குக் கேட்டதில்லை. எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை.

பிறகு 85 என்றேன். நண்பர் மர்ரேயைக் காட்டிச் சண்டைக்கு வந்தார். புகை கொஞ்சம் தூக்கல் என்பது என் கட்சி.