தேவி கேட்டது

பதினைந்து வயதுத் தமிழ்ப் பெண் ஒருத்தி, பள்ளியே ஏங்கிப் பார்க்கும் பையனிடம் நேரே போய், தன்னோடு உறவுகொள்ளச் சம்மதமா என்று கேட்கிறாள். அவனும் சரி என்கிறான். 2020 ஏப்ரலில், ஊரடங்கு நாட்களில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரின் முதல் பகுதியிலேயே இது நடந்துவிடுகிறது.

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டில் அதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. கூடவே தொல்காப்பியமும் நினைவுக்கு வந்தது. தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன் தானே சொல்வது மரபில்லை என்கிறது களவியல். அதை நடத்தும்போதெல்லாம் யாராவது ஒரு மாணவி கேட்பாள்: "அப்போ அவ யார்கிட்டதான் மேடம் சொல்லுவா?"

தோழியிடம். தேவிக்கும் ஃபேபியோலா, எலினோர் என்று இரண்டு தோழிகள் இருக்கிறார்கள். அலர் தூற்றப் பள்ளி இருக்கிறது, கண்டித்து வளர்க்கும் தாய் நளினி இருக்கிறாள். அகத்திணையின் ஆட்கள் எல்லோரும் கலிஃபோர்னியாவில் குடியேறியதுபோல இருக்கிறது. இன்னொரு ஒற்றுமையும் உண்டு. தேவியின் மனதைக் கதையாகச் சொல்லும் குரல் டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோவுடையது. தலைவியின் குரலில் பாடிய சங்கப் புலவர்களிலும் பெரும்பாலோர் ஆண்கள்தானே!

மிண்டி கேலிங்கும் லாங் ஃபிஷரும் உருவாக்கிய இத்தொடர் 2023 வரை நான்கு பருவங்கள் வந்தது. தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண். தொடரில் தமிழ் குறைவு, குறைகளும் உண்டு. ஆனாலும் எனக்கு முக்கியமாகப்படுவது, அவள் கேட்டதற்குப் பிறகு நடப்பது. அவன் சம்மதித்த பின் அவளுக்குப் பயம் வருகிறது, பின்வாங்குகிறாள். வானம் இடிந்து விழவில்லை. 'வேண்டும்' என்று சொல்லத் தெரிந்தவளுக்குத்தான் 'இப்போது வேண்டாம்' என்பதும் எளிதாக வருகிறது. முதல் சொல்லைப் பறித்துவிட்டு இரண்டாவதை மட்டும் நம் பெண்களுக்குக் கற்பிக்கிறோம். அதனால் அவர்கள் சொல்லும் 'வேண்டாம்' வெறும் நாணமாகவே கேட்கப்படுகிறது.

பருவத் தேர்வில் இற்செறிப்பு பற்றி இரண்டு மதிப்பெண் விடை எழுதிய மாணவி ஒருத்தி, அடுத்த பருவம் கல்லூரிக்கு வரவில்லை. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பையனோடு அவளைப் பார்த்த யாரோ வீட்டில் சொல்லிவிட்டார்கள். போன் பறிக்கப்பட்டது, படிப்பு நின்றது. அவள் தோழி இரண்டு முறை போய் அவள் அம்மாவிடம் பேசிப் பார்த்தாள். அறத்தொடு நிற்றல் என்று நாம் நடத்தும் துறை அது. பாடலில் பலிக்கும், அந்தத் தெருவில் பலிக்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் என்றால் சட்டமும் வருகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் சம்மதம் என்பதே கணக்கில் இல்லை. குழந்தைகளைச் சூறையாடுகிறவர்களுக்கு எதிராக அந்தச் சட்டம் அவசியம். ஆனால் மகளின் காதல் பிடிக்காத குடும்பங்களும் அதைக் கையில் எடுக்கின்றன. வளரிளம் பருவத்தினரின் காதலைத் தண்டிப்பது இச்சட்டத்தின் நோக்கம் அல்ல என்று 2021 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு வழக்கை ரத்து செய்து சொன்னார். அந்தத் தீர்ப்பைப் பற்றி எந்தப் பள்ளியில் பேசியிருப்பார்கள்?

களவியல் முடிந்ததும் ஒரு பாடவேளையை இப்போது பேச்சுக்கென்று விட்டுவிடுகிறேன். காதலைப் பற்றிக் கேட்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மாதவிடாய் தள்ளிப்போவது, ஷேர் ஆட்டோவில் உரசுகிறவன், பழைய போட்டோவைக் காட்டி மிரட்டுகிறவன் என்று வந்தன கேள்விகள். தெரிந்ததைச் சொல்கிறேன். மகளிர் உதவி எண் 181ஐக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். மணி அடித்த பிறகும் நான்கைந்து பேர் எழுந்து போவதில்லை.