மாடியில் ஒரு பக்கெட் தண்ணீர்

செகண்டு ஷிப்ட் முடித்து ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே மணி பதினொன்றரை. வீட்டுக்கு வந்த தங்கை தட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் மாடிக்குப் போனாள். கையில் துணி ஊறவைக்கும் பெரிய பக்கெட். நான் மாடிக்கதவுக்கு இந்தப் பக்கம், கடைசிப் படியில் நின்றுகொண்டேன். அவளுக்குத் தெரியாது.

வாலாஜாபாத் சாலையில் புதுக் கார்களை அடுக்கிய ட்ரெய்லர் ஒன்று போனது. அதன் வெளிச்சம் கைப்பிடிச் சுவரில் ஊர்ந்து மறையும்வரை காத்திருந்தாள். பிறகு முட்டி போட்டு, ஸ்நார்க்கல் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணாடி போடாத வெறும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். வாயால் இழுக்க வேண்டும், மூக்கால் விட வேண்டும். மூன்றாம் மூச்சில் மூக்கும் சேர்ந்து இழுத்துவிட்டது. இருமிக்கொண்டே எழுந்தாள்.

"தலைக்கு ஊத்தாதடி, சளி பிடிக்கும்" என்று கீழேயிருந்து அம்மா. பதில் இல்லை. முகம் மறுபடி பக்கெட்டுக்குள்.

தண்ணீர் அவளுக்குப் புதிதில்லை. வல்லக்கோட்டைப் பக்கம் எங்கள் வயல் கிணற்றில் எட்டு வயதிலேயே முங்கி அடிமண் எடுத்து வருவாள். அந்த நிலம் இப்போது தொழிற்பேட்டைக்குள், கிணறு தூர்ந்துவிட்டது. புதுச்சேரியில் ஸ்கூபா படிக்கப் போனபோது 200 மீட்டர் நீச்சலையும் 10 நிமிட மிதப்பையும் முதல் ஆளாக முடித்தாள். அவளை மறித்தது அந்தக் கிணற்றுப் பாடம்தான். கிணற்றில் முதலில் பழகுவது தம் பிடிக்க. ஸ்கூபாவில் முதல் விதியே தம் பிடிக்காதே என்பது. 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு பங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழிந்துவிடும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் தம் பிடித்துத்தான் இறங்கினார்கள். ஆனால் அது மேலே இழுத்த மூச்சு. ஆழத்தில் சுருங்கி, ஏறும்போது பழைய அளவுக்குத்தான் வரும். இதை யாராவது ஐந்து நிமிடம் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லியிருக்கலாம்.

வேலையிலும் தண்ணீர்த் தொட்டிதான் அவளுக்கு. லீக் டெஸ்ட். காற்றேற்றிய பாகத்தை முக்கிப் பார்ப்பாள். ஒரு குமிழி வந்தாலும் ரிஜெக்ட். சரியாக இருந்தால் லைனில் இருப்பவருக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள். நீச்சல் குளத்தின் அடியில் கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை ஒருமுறை ஊதி வெளியேற்றியதும், அந்தச் சந்தோஷத்தில் அதே விரலைத் தூக்கினாள். நீருக்கடியில் அதற்கு 'மேலே போகலாம்' என்று பொருள். பயிற்சியாளர் அவளை மேலே கூட்டி வந்துவிட்டார். ஆறு பேர் இருந்த குழுவில் அவள் முறை மறுபடி வர வெகுநேரம் ஆனது. கண்ணாடியைக் கழற்றி மூச்சுவிடச் சொன்னபோது மூக்கில் தண்ணீர் ஏறியது.

மறுநாள் கடலில் மூன்று மீட்டரிலேயே காது. முதல் 10 மீட்டருக்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும் என்பதால், வலி வருவதற்கு முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறந்துகொள்ள வேண்டும். இவள் வலியைப் பொறுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். பொறுத்துக்கொள்வதில்தான் இவள் கெட்டிக்காரி.

"உங்களுக்குத் தண்ணி பயம்மா" என்றார்களாம். பயிற்சிக்குக் கட்டியது இரண்டு மாத ஓவர்டைம் காசு. காசைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. இந்த ஒரு வார்த்தையை மட்டும் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் வரும் வழியில் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

பக்கெட்டில் இப்போது சத்தம் மாறியிருந்தது. குழாயில் காற்று உள்ளே போகும் மெல்லிய சீறல். பிறகு தண்ணீரில் குமிழிகள். மறுபடி சீறல், மறுபடி குமிழிகள். எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. முகத்தை எடுக்காமலே வலக்கையைப் பக்கவாட்டில் தூக்கினாள். கட்டைவிரல் நிமிர்ந்தது. ஒரு கணம் அப்படியே நின்று, மெல்ல மடிந்து, ஆள்காட்டி விரலோடு சேர்ந்து வட்டமானது.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.