கூதிர்காலத்து லயம்

மேனாட்டார் ஓராண்டை நான்கு பருவங்களாக வகுத்தனர். நம் முன்னோர் ஆறாக வகுத்தனர். தோட்டத்துத் தமிழரோ இரண்டாகவே வகுத்தனர்: பால் இறங்கும் காலம் ஒன்று, பால் இறங்காக் காலம் மற்றொன்று. இவ்வகுப்பைச் செய்தவர் புலவர் எவரும் அல்லர். மாதக் கடைசியில் கிராணியார் விரித்த செக்ரோல் புத்தகமே இதனைச் செய்தது.

இன்று நகரத்தில் வாழும் நம் பிள்ளைகள் ஆங்கில ஏடுகளில் இலையுதிர்காலத்தைப் பற்றிப் படிக்கின்றனர். அக்காலத்தில் வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்ளும் வகை, உடலைப் பேணும் வகை, வருவோரை வரவேற்கும் வகை ஆகியனவெல்லாம் அவற்றில் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. நம் பேத்தி ஒருத்தி அவற்றுள் ஒன்றைப் படித்துவிட்டு, "நம் ஊருக்கு இலையுதிர்காலமே இல்லையே, தாத்தா?" என்றாள். இருந்தது என்றோம். அவள் நம்பவில்லை.

கெர்லிங் வட்டாரத்தில் வளர்ந்த எவரும் அதை அறிவர். குவாலா குபு பாருவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையே, பழைய பெருஞ்சடக்கின் மீது அமைந்த சிற்றூர் கெர்லிங். கிழக்கே நடுமலைத் தொடர். மேற்கே தோட்டங்களையும் சதுப்பையும் கடந்தால் குவாலா சிலாங்கூர்க் கடற்கரை. இந்நிலப்பரப்பை நம் இளமையில் மூடியிருந்தது ரப்பர் மரம். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூரை அடைந்த 22 நாற்றுகளின் வழித்தோன்றலான அம்மரம், பிறந்த நாட்டுப் பழக்கத்தை விடாமல், ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே இலைகளையெல்லாம் சிவக்கச் செய்து உதிர்த்துவிடும். நிரை நிரையாக மரங்கள் மொட்டையாய் நிற்க, கீழே முழங்கால் மறையச் சருகு கிடக்கும். பார்ப்பதற்கு அழகே. ஆயின் இலை உதிர்ந்தால் பால் குறையும். பால் குறைந்தால் கூலி குறையும். கூலி குறைந்தால் கடைக்காரரின் கடன் புத்தகத்தில் பக்கம் நிறையும். ஆதலின் செவ்விலையைக் கண்டு மகிழும் மனம் லயத்தில் எவருக்கும் வாய்க்கவில்லை. வீட்டை ஒழுங்கு செய்து, உடலைப் பேணி, ஒருவர்க்கொருவர் அணுகியிருந்த காலம் வேறு. அது கூதிர்காலம்.

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்பது நூல் வழக்கு. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவக்காற்று மழை கொணரும் அதே திங்கள்களில் சிலாங்கூரிலும் மழை மிகுகிறது. ஆனால் காரணம் வேறு. இங்கு அது இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். காலை வெயில் நிலத்தைச் சுட, ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறிக் குளிர்ந்து, பிற்பகலில் இடியும் மின்னலுமாக இறங்குகிறது. மலைக்கப்பால் கிழக்குக் கரையைப் பெருவெள்ளத்தில் ஆழ்த்தும் மார்கழி மழையின் கடுமையை நடுமலைத் தொடர் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. இவ்விளக்கமெல்லாம் நாம் பின்னாளில் கற்றவை. கடல் கடந்து வந்த நம் பாட்டன்மார் கண்டது ஒன்றே: ஊர் மாறிற்று, முதலாளி மாறினார், பணமும் நாணயமும் மாறின, ஐப்பசி மழை மட்டும் மாறவில்லை. அது அவர்க்கு எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும் என்று நாம் அடிக்கடி எண்ணுவதுண்டு.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் இக்காலத்தையே 188 அடிகளில் பாடினார். மழைக்கு அஞ்சி மேட்டு நிலத்துக்கு மாடுகளை ஓட்டிச் சென்று நெருப்பைச் சுற்றி நடுங்கி நிற்கும் கோவலரும், சாளரம் அடைத்த மாளிகையும் அதில் உளர். பள்ளியில் அதனைப் படித்தபோது மாளிகை நமக்கு விளங்கவில்லை. கோவலர் நன்றாக விளங்கினர்.

மழை, பால்வெட்டுத் தொழிலுக்குப் பகை. பட்டை நனைந்திருந்தால் வெட்டுக்கோட்டில் பால் நில்லாது; மரத்தின் மேலெல்லாம் பரவி வழிந்துவிடும். வெட்டியபின் மழை வந்தாலோ, மங்கில் சேர்ந்த பால் நீரோடு நிலத்தில் ஓடும். விடியுமுன் பிரட்டுக் களத்தில் கூடிய மக்கள், மரம் காயுமா என்று வானத்தையும் கங்காணியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து நிற்பர். காயாவிடில் திரும்ப வேண்டியதுதான். நம் இளமையில் அந்நாளுக்குக் கூலி கிடையாது.

மழையின் கடுமை இவ்வட்டாரத்துக்குப் புதிதுமன்று. 1883ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் பழைய குவாலா குபுவின் அணை உடைந்து ஊரையே வாரிச் சென்றது. அங்கிருந்த ஆங்கில அதிகாரி ரேங்கிங்கும் ஊரார் பலரும் மாண்டனர். பின்னும் வெள்ளமும் மணலும் விடாது துன்புறுத்தவே, 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊர் மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்தது. 'பாரு' என்னும் மலாய்ச்சொல் 'புதிய' எனப் பொருள்படுவது.

இனி லயத்துக்கு வருவோம். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாய் அறைகள், முன்னே அஞ்சடி, பின்னே புகை படிந்த அடுப்படி. நாம் வளர்ந்த அறை பத்தடிக்குப் பத்தடி. அதில் எழுவர் இருந்தோம். மேனாட்டு ஏடுகள் கூறும் கதகதப்புக்கு அங்குக் குறைவில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் நம் தாயார் அவ்வறையை மழைக்காலத்துக்கு ஆயத்தம் செய்த முறையில் வேடிக்கை ஏதுமில்லை. புரட்டாசி பிறந்ததுமே காய்ந்த ரப்பர்க் கிளைகளைச் சுமந்து வந்து, கட்டிலின் அடியில் அடுக்கத் தொடங்குவார். ஈர விறகு ஊதுபவரின் கண்ணைத்தான் எரிக்கும் என்பார். உப்புப் பானை அடுப்புக்கு மேலுள்ள பலகைக்கு ஏறும். அரிசி மண்ணெண்ணெய்த் தகரத்துக்குள் புகும். வாயிற்படியில் மடித்த சாக்கு ஒன்று கிடக்கும். மழைநாளில் அதில் காலைத் துடையாமல் உள்ளே வந்தவர் நம் தந்தையாராயினும் திரும்பிப் போய்த் துடைத்துவிட்டுத்தான் வரவேண்டும். துணிகள் அடுப்பின் மேல் கட்டிய கயிற்றில் உலரும். பள்ளிக்கூடத்தில் மழைக்காலத்து மாணவர் அனைவரும் புகை மணம் வீசினோம்; ஆகவே எவரும் எவரையும் இகழவில்லை.

தகரத்தின் மேல் மழை இறங்கினால் பேச்சு எடுபடாது. அம்மா சைகையாலேயே எங்களை ஆள்வார். கை உயர்ந்தால் விளக்கை ஏற்று; விரல் மடங்கினால் தம்பியைத் தூக்கு; கண் சுருங்கினால் வாயை மூடு. அவ்விரைச்சலுக்குள் அடுப்பில் சுக்கும் கொத்தமல்லியும் கொதிக்கும் மணம் எழும். மிளகு ரசமும் சுட்ட கருவாடும் உள்ள நாள் பெருநாள். கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் கண்டவர்க்கு அரைத்த மருதாணி. அட்டை கடித்த இடத்துக்குச் சுண்ணாம்பு. தலை ஈரத்துக்குத் தேங்காய் மட்டைத் தணலில் சாம்பிராணி. மருத்துவர் இவற்றுள் சிலவற்றை ஒப்புவர், சிலவற்றை மறுப்பர். பிள்ளையின் காலை மடிமேல் எடுத்து வைத்து ஒவ்வொரு விரலாகப் பார்த்த அந்தப் பார்வைக்கு மாற்று மருந்து எதனையும் நாம் இன்றுவரை கண்டதில்லை.

கைமருந்துக்கு அடங்காத ஒன்று காய்ச்சல். சிலாங்கூரில் மலேரியாவை ஆராய்ந்த மருத்துவர் மால்கம் வாட்சன், 1901ஆம் ஆண்டு முதல் கிள்ளான் பகுதியில் கண்டது வியப்பானது. கடலோரச் சமநிலத்தில் காட்டை வெட்டிச் சதுப்பை வடித்தால் காய்ச்சல் தணிந்தது. மலையடிவாரத் தோட்டங்களிலோ காட்டை வெட்டியதே கேடாயிற்று. வெயில் படும் தெளிந்த ஓடையில் பெருகும் கொசுவகை ஒன்று அங்கே உண்டு; நிழல் போனதும் அது பல்கிற்று. அழுக்கே நோய் தரும் என்று பாடம் படித்த நமக்கு, தெளிந்த நீரோடை யமனாய் நின்ற செய்தி எளிதில் மனத்தில் ஏறவில்லை. பூமிக்குள் வடிகுழாய் பதித்தும், ஓடைகளில் வாரந்தோறும் எண்ணெய் தெளித்தும், கொயினா கொடுத்தும் அதனை அடக்க நெடுங்காலம் ஆயிற்று. அதற்குள் மாண்டவர்களைப் புதைத்த மேடுகளின் மேல் செம்பனை நிற்கிறது. இதைச் சொல்லாமல் லயத்தின் கதகதப்பை மட்டும் பாடுவது நேர்மையாகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கதகதப்புக்கு விறகாய் எரிந்தவர் யார்? அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, சோறாக்கி, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டு, ஆணுக்கு நிகராய் மரம் வெட்டிப் பால் சுமந்து, மழையில் நனைந்து திரும்பிய பெண்ணே வீட்டில் அடுப்பையும் ஊதினாள். மழையால் வேலை நின்ற நாள் ஆண்களுக்கு ஓய்வு நாள். பெண்களுக்கு ஒழுகும் கூரையின் கீழ்ச் சட்டி மாற்றி வைக்கும் நாள். எண்ணெய்க் குளியலிலும் இதே நீதிதான். தகரத்தில் வெந்நீர் காயும். முதலில் தந்தை, பின்னர் ஆண்பிள்ளைகள், அப்பால் பெண்பிள்ளைகள். அம்மாவின் முறை வரும்போது தகரத்தின் அடியில் சாம்பல் மிதக்கும் ஆறிய நீரே மிஞ்சும். அதனை வழக்கம் என்றனர். அவ்வழக்கத்தை வகுத்தவர்கள் முதல் நீரில் குளித்தவர்கள் என்பதை எவரும் எடுத்துரைக்கவில்லை.

எடுத்துரைத்தவர் ஒருவர் உண்டு. பிள்ளை பார்த்துவந்த கிழவியார் அவர். லயம் முழுவதும் அவரை ஆயா என்றே அழைத்தது. ஓர் ஐப்பசியில் மூன்று நாள் தொடர்ந்து மரம் காயவில்லை. மூன்றாம் நாள் காலை அவர் அஞ்சடியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து, ஒவ்வொரு வாயிலிலும் நின்றார். நம் வாயிலில் நின்று, "ஏ மருமகளே, அடுப்பைக்கூட ராத்திரியில் அணைக்கிறாய். உன்னை எப்போது அணைப்பாய்? எண்ணெயை எடுத்துக்கொண்டு வா" என்றார். தாயார் நம் தந்தையாரைப் பார்த்தார். ஆயா அதையும் கவனித்துவிட்டு, "அவனை ஏன் பார்க்கிறாய்? தம்பி, நீ போய்த் தண்ணீர் சுமந்து வா. அவள் கை நனைந்தே இருபது வருஷம் ஆச்சு" என்றார். தந்தையார் ஒன்றும் பேசாமல் வாளிகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். மழையில் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு அவர் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்று லயத்துப் பெண்கள் அஞ்சடியில் ஒருவர் பின் ஒருவராய் அமர்ந்து, முன்னிருப்பவர் தலையில் எண்ணெய் தேய்த்தனர். பதினான்கு பேர் என்று நினைவு. பேச்சும் சிரிப்புமாய் அவர்கள் இருந்த இருப்பை அதற்குமுன் நாம் கண்டதில்லை. அம்மாவுக்கு இத்துணை நீண்ட கூந்தல் இருந்ததை அன்றுதான் அறிந்தோம். எப்போதும் முடிச்சிட்டுத் துணியால் கட்டியே பார்த்திருந்தோம். அதன்பின் மழைக்காலந்தோறும் வேலை நின்ற நாளில் முதல் வெந்நீர் பெண்களுக்கு என்றாயிற்று. எல்லா வீட்டிலும் நிலைத்தது என்று சொல்லமாட்டோம். நம் வீட்டில் நிலைத்தது.

விருந்தோம்பலைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மழைக்கு ஒதுங்கியவர் யாராயினும் உலர்ந்த பாய் அவருக்கே. தீபாவளிக்கு முன் நிர்வாகம் கொடுத்த சுண்ணாம்பைச் சுவருக்கு அடித்து, முறுக்கும் அதிரசமும் சுட்டு, சீனக் கடைக்காரருக்கும் கம்பத்து மலாய்க்காரருக்கும் தட்டில் கொடுத்தனுப்பிய மக்கள் அவர்கள்.

ஆனால் அச்சுவர் அவர்களுடையதன்று. தொழிலாளர் வீட்டு வசதிக்கென 1966ஆம் ஆண்டிலும், விரிவாக 1990ஆம் ஆண்டிலும் சட்டங்கள் வந்தன. வீடு மேம்பட்டது, உரிமை வரவில்லை. வேலை போனால் கூரையும் போகும். நிலம் கைமாறியபோது இது விளங்கிற்று. வடக்குச் சிலாங்கூரின் நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்துக் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தன. ஐம்பது ஆண்டு சுண்ணாம்பு அடித்த சுவரின்மேல் ஒரு பிடி உரிமையும் இல்லாத நிலையில் ஒரு பெண் எத்தனை கூதிர்காலம் விறகு சேர்த்திருப்பாள் என்று கணக்கிட்டவர் உண்டா?

பெயர்ந்தவர்களில் பலர் இன்று புக்கிட் செந்தோசாவிலும் ரவாங்கிலும் அடுக்குவீடுகளில் வாழ்கின்றனர். கூரை ஒழுகாது, விறகும் வேண்டா. மலைக்கொசுவின் இடத்தை டெங்கிக் கொசு பிடித்திருக்கிறது. அதுவும் தெளிந்த நீரையே நாடுவது. பூச்சட்டித் தட்டிலும், மூடாத வாளியிலும், குளிர்பெட்டியின் பின்தட்டிலும் முட்டையிட்டு ஏறத்தாழ ஒரு வாரத்தில் பறந்துவிடுவது. ஆகவே வாரம் ஒருமுறை அவற்றைக் கவிழ்த்தல் வேண்டும். அந்த வேலையையாவது ஆண்கள் ஏற்பார்களாக.

சென்ற ஐப்பசியில் ஒரு காரியமாகக் கெர்லிங் பக்கம் போயிருந்தோம். செம்பனைக்கு நடுவே பழைய லயம் ஒன்று எஞ்சியிருந்தது. மழை பிடித்துக்கொள்ள, அதன் அஞ்சடியில் ஒதுங்கினோம். உள்ளிருந்து வங்காளதேசத்து இளைஞர் ஒருவர் வந்து, நம் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இஞ்சி தட்டிய தேநீர் வந்தது. தகரத்தின் மேல் மழை இரைந்தது. இருவரும் சைகையால் பேசிக்கொண்டோம். தமக்கு மூன்று பிள்ளைகள் என்பதை விரலால் காட்டினார். அவர்கள் உயரத்தைக் கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டினார். வாயிற்படியில் சாக்கு ஒன்று மடித்துக் கிடந்தது. நாம் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனோம்.